முதல் எதிர்மனுதாரர்

லாரிக்காரர்கள் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். இன்னும் குறைக்க முடியாதா என்பது ஒன்று. இதெல்லாம் எதுக்கு என்பது இன்னொன்று. எடைமேடைக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து, இருபத்து மூன்று வருடமாக வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து வண்டி, இருபது வண்டி வைத்திருக்கும் பெரிய ஆட்கள் என்னிடம் வருவதில்லை. ஒரு வண்டி, மிஞ்சினால் இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் வருவார்கள். டயர் என்றால் யோசிக்காமல் நீளும் கை, பிரீமியம் என்றதும் பாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சிரித்த முகத்தோடு பணம் கட்டியவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, நான் விற்பது கண்ணால் பார்க்க முடியாத சரக்கு.

அவர்களில் ஒருவனை எல்லோரும் ஓனர் என்று கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு டயர்கூட இல்லாத காலத்திலேயே அவனுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. பதினேழு வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவன் அவன். எந்த முதலாளியிடமும் இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. எதைப் பேசினாலும் "நான் ஓனரானதும்" என்றுதான் ஆரம்பிப்பான். நான் ஓனரானதும் அளவுக்கு மேல ஒரு மூட்டைகூட ஏத்த மாட்டேன். நான் ஓனரானதும் சீட்டுக்கு நல்ல மெத்தையா போடுவேன். எடைமேடை வரிசையில் நிற்பவர்கள் அவன் தலையைக் கண்டதும், "ஓனர் வந்துட்டார், எந்திரிங்கப்பா" என்று கிண்டலுக்கு எழுந்து நிற்பார்கள். அவனும் "பரவால்ல, உக்காருங்க" என்று கையமர்த்துவான். கிண்டல் என்று தெரியாதவன் இல்லை. இருந்தாலும் அது அவனுக்குப் பிடித்திருந்தது.

ஒரு கதையை என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறான். மகள் பிறந்த அன்றைக்கு மூன்று மாதச் சம்பள பாக்கியைக் கேட்டு முதலாளி வீட்டுக்குப் போனானாம். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றான். கை கழுவிவிட்டு வெளியே வந்தவர் அவன் முகத்தைப் பார்த்து, "நீ எந்த வண்டி?" என்று கேட்டாராம். ஆள் யார் என்று கேட்கவில்லை, எந்த வண்டி என்று கேட்டார். கதையை அந்த இடத்தோடு நிறுத்திவிடுவான். பணம் கிடைத்ததா என்று நானும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை.

அப்படிப்பட்டவன் ஒருவழியாகக் கடன் வாங்கி ஒரு பழைய லாரி எடுத்தான். இரண்டாம் வருடமே இன்ஜின் படுத்துவிட்டது. தவணை நின்றது, கடன் கொடுத்தவர்கள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதோடு விட்டார்களா? கடன் தரக்கூடாதவர்கள் பட்டியலில் அவன் பெயரும் ஏறிவிட்டது. இனி எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது.

மனைவி பதினொரு வருடமாக பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்தவள். ஓடும் பட்டையில் வரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு நல்லதை அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. அவள் பெயரில் ஒரு கறை கிடையாது. "நீ கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். போட்டாள். இரண்டாவது லாரி அவள் பெயரில் வந்தது. வேலையை விட்டுவிடு, இனிமேல் நீ நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். வண்டிக் காகிதங்களில் உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை அவன் திறந்து பார்த்து நான் பார்த்ததில்லை. கடன் முடிந்த மறுநாளே தன் பெயருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்சூரன்ஸ் எழுத என்னிடம்தான் வந்தான். எங்கள் சண்டையும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

சண்டை எதற்கு என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். லாரிக்கு இன்சூரன்ஸ் எழுதும்போது மூன்று பேரை நினைக்க வேண்டும். முதலில், வண்டி போய் யார்மீது மோதுகிறதோ அந்த வெளியாள். அவருக்கு எழுதாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே முடியாது, சட்டம் விடாது. அடுத்தது வண்டி. அதற்கு எழுதாமல் கடன்காரன் விடமாட்டான். மூன்றாவது, வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவன். அவனுக்காகக் கேட்கத்தான் நாதியில்லை. ஓட்டுகிறவனுக்குப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. சொந்தக்காரரே ஓட்டினால் ஒரு கட்டம், அதற்குச் சொந்தக்காரர் பெயரில் லைசென்ஸ் வேண்டும். இவன் வீட்டில் சொந்தக்காரிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டினால் இன்னொரு கட்டம். காகிதத்தின்படி பார்த்தால், இவன் ஒண்டிக்கொள்ள அந்த இரண்டாவது கட்டத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

"அது என்னண்ணே, டிரைவருக்குன்னு தனியா ஒண்ணு?"

"வண்டி ஓட்டுறவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுலதான் வரும்."

"ஓட்டுறது நான்தானே?"

"அதனாலதான் சொல்றேன். நீ டிரைவர்னு போட்டுக்கலாம்."

"நான் டிரைவர் இல்லண்ணே. ஓனர். அடிச்சு விடுங்க அத."

"பேப்பர்ல நீ ஓனர் இல்லைய்யா."

"பேப்பர விடுங்க. ஸ்டீயரிங்க யாரு புடிக்கிறா?"

அந்தக் கட்டத்துக்கான பணம் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. அவன் கண் முன்னால் ஒரு கோடு இழுப்பேன். அவன் போனதும் வேறு படிவம் எடுத்து, அந்தக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பிவிடுவேன். அவன் கையெழுத்துத் தேவையில்லை, அவள் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் என் மேஜையில் எப்போதும் நாலு கிடக்கும். செய்யக்கூடாத காரியம்தான். வருடா வருடம் செய்தேன். உன் பெயரிலேயே தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துக்கொள் என்றும் தலையால் அடித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பாப்போம்ணே என்பான். லாரிக்காரனின் அடுத்த வருடம் எந்தக் காலண்டரிலும் இருக்காது.

முதல் மூன்று வருடம் அந்த வீடு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வாடகைப் பணத்தை அப்படியே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடுவான். டீசலுக்கு, சுங்கத்துக்கு, வழிச்சாப்பாட்டுக்கு என்று அவள்தான் பிரித்துக் கொடுப்பாள். போன தடவை மிச்சம் எங்கே என்று கேட்பாளாம். "கறாரான பொம்பளண்ணே" என்று என்னிடம் புகார் சொல்வான், அதிலும் ஒரு பெருமை இருக்கும். மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள்.

நாலாவது வருடம், தவணை இன்னும் எட்டு பாக்கி இருந்தபோது அது நடந்தது. தரைக்குப் போடும் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு ஒரு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தான். தூறல். வளைவில் டயர் வழுக்கி, சாலையோரத்துக் கிடங்கின் சுவரில் முகப்பு மோதியது. மோதல் பெரிதில்லை. பின்னால் இருந்த சரக்குதான் எமன். அத்தனை பாரமும் முன்னுக்கு வந்து கேபினை நெரித்துவிட்டது. தகரத்தை வெட்டி அவனை வெளியே எடுக்க இரண்டு மணி நேரமானது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

கிடங்குக்காரருக்குச் சுவர் கட்டப் பணம் வந்தது. நான் எழுதிக் கொடுத்த பாலிசிதான், ஆறே வாரத்தில் வாங்கிக் கொடுத்தேன். வண்டியைச் சரிசெய்யவும் பணம் வந்தது. இரும்புக்குக் கிடைத்தது, செங்கல்லுக்குக் கிடைத்தது, எலும்புக்குத்தான் கிடைக்கவில்லை.

டிரைவருக்கான அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேனே என்று தைரியமாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன், உங்களுக்குத் தெரியாமல் எழுதி வைத்தேன் என்று. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதற்கு நான் வெட்கப்படவில்லை. வயதுக்கும் சம்பளத்துக்கும் போன காலுக்கும் கணக்குப் போட்டால் வரக்கூடிய தொகையில், எட்டுத் தவணையும் அடைந்து, செயற்கைக் காலும் வைத்து, மகளின் மிச்சப் படிப்பும் முடிந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வருவார், அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னால் போதும் என்றேன். இந்த வண்டியின் உரிமையாளரிடம் சம்பளத்துக்கு ஓட்டினேன், அவ்வளவுதான். அது பொய்கூட இல்லை. வண்டி அவள் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் அவள் கையால்தான் இவன் காசு வாங்கியிருக்கிறான். அதற்குச் சம்பளம் என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? இருவரும் தலையாட்டினார்கள்.

விசாரிக்க வந்தவர் மரியாதையான ஆள். குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறந்தாராம். நான் அங்கே இருக்கக்கூடாது என்பதால் போகவில்லை. போயிருந்தால் அவன் வாயைப் பொத்தியிருப்பேன். மூன்று வாரம் கழித்து, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. கூடவே அவன் சொன்னதன் நகல், கீழே அவன் கையெழுத்து.

'நான் யாரிடமும் வேலை செய்யவில்லை. பதினேழு வருடம் செய்தாகிவிட்டது. இது என் வண்டி. என் மனைவி எனக்குச் சம்பளம் தரும் நிலையில் நான் இல்லை.'

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழையைக் கண்ட சந்தோஷத்தில் கத்துகிறது, இவனுக்கு என்ன கேடு? கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டில் போட்டு, தலைமாட்டில் ஊன்றுகோல்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரோ தூரத்து உறவுக்காரர் பார்க்க வந்திருந்தார். "என்ன பண்றது, பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது இன்னதென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உனக்கு?" என்றேன்.

"வாயில வரலண்ணே."

"ஏன் வராது?"

"சொல்லத்தான் நெனச்சேன். அந்த ஆளு, 'உங்க முதலாளி யாரு'ன்னு கேட்டாரு. இவ அடுப்படியில நிக்கிறா. மக புத்தகத்தோட உக்காந்திருக்கா. அப்ப நான் யாரு இந்த வீட்டுல?"

"ஒத்தக் காலோட படுத்திருக்கிறவன். வேற யாரு?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள், நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஐந்து மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நடந்ததெல்லாம் எடைமேடை வழியாகக் காதுக்கு வந்தது. லாரியைச் சரிசெய்து வேறு டிரைவரைப் போட்டுப் பார்த்தார்கள், டீசலுக்கும் அவன் கூலிக்குமே சரியாகப் போய்விட்டது. தவணை மறுபடி நின்றது. அவள் பிஸ்கட் கம்பெனிக்கே திரும்பிப் போனாள். போனவளைப் பழைய ஆள் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை, புது ஆள் சம்பளத்தில் காலை ஆறு மணி ஷிப்டில் நிறுத்தினார்கள். மகளின் கல்லூரியில் ஒரு பருவத்துக் கட்டணத்துக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள், அடுத்ததற்குக் கொடுக்க மாட்டார்கள்.

ஒருநாள் அவனே போன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை.

"எங்க வந்து சொல்லணும்ணே?"

"எத?"

"அதான். சம்பளத்துக்கு ஓட்டுனேன்னு." "நேத்து வந்து செருப்பக் கழட்ட முடியாம உக்காந்திருந்தா. காலு அவ்வளவு வீங்கியிருக்கு. மகதான் கழட்டி விட்டா. என்னால குனிய முடியலண்ணே."

இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டால் அடுத்த படி, தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் மனுப் போடுவது. ஜெயித்தால் மட்டும் கூலி வாங்கும் வக்கீல் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனுவை எழுதிக் காட்டியபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வேலையாள் முதலாளிமீது வழக்குப் போட வேண்டும், முதலாளி கொடுக்க வேண்டியதைக் கம்பெனி கட்டும், அதுதான் முறை. மனுதாரர் என்ற இடத்தில் கணவன் பெயர். முதல் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் மனைவி பெயர். இரண்டாவதாகத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி. ஒரே கட்டிலில் படுப்பவர்கள் காகிதத்தில் வாதியும் பிரதிவாதியும் ஆனார்கள்.

நோட்டீஸ் கொண்டுவந்த தபால்காரர், இரண்டு பேருக்கும் ஒரே விலாசமாக இருப்பதைப் பார்த்துத் தயங்கினாராம். "ஏம்மா, உங்களுக்குள்ள ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டாராம். "இல்லண்ணே, காலுக்காக" என்று இவள் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது. அவள் தரப்பில் கொடுக்க வேண்டிய பதிலை நானே எழுதினேன். ஆமாம், இவர் என்னிடம் சம்பளத்துக்கு ஓட்டினார், இன்ன தொகை கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

அலுவலகம் இரண்டாவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. காலும் கையும் போனவர்கள் வருகிற இடத்தை இரண்டாவது மாடியில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக ஏற்றி, மேலே போய்ச் சேர்வதற்குள் அவன் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. உள்ளே நீளமான மேஜை. அதன் தலைப்பக்கம் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும் அம்மா, சளி பிடித்து அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு ஒரு பக்கம் மனுதாரர், எதிர்ப்பக்கம் எதிர்மனுதாரர்கள். அவளைக் கொண்டுபோய் கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவள்போல உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரமாக நின்றேன்.

முதலில் அவனை விசாரித்தார்கள். எங்கள் வக்கீல் யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"எதிர்ல உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட."

எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவன் அவளை 'அவ' என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவங்க என்று சொல்ல அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, அவன் முதலில் கொடுத்த வாக்குமூலத்தை நிதானமாகப் படித்தார்.

"இது என் வண்டின்னு சொல்லியிருக்கீங்களே?"

"பெருமைக்குச் சொன்னேன் சார். டிரைவருங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். ஓட்டுற வண்டிய யாரும் அடுத்தவன் வண்டின்னு சொல்ல மாட்டாங்க."

நானும் எங்கள் வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை அது. அதைவிட நல்ல பதில். அதிகாரியம்மாகூட லேசாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கு உத்தரவு போடுறது யாரு?"

"அவங்கதான்."

"அவங்க உங்க மனைவிதானே?"

"வீட்டுல. வண்டி விஷயத்துல அவங்க முதலாளி."

"நாளைக்கே வேலைய விட்டுப் போன்னு அவங்க சொன்னா?"

அவன் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "போயிட வேண்டியதுதான் சார். நான் கூலிக்கு ஓட்டுறவன். வாசல்ல நிக்கச் சொன்னா நிக்கணும்."

வாசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் தலையைத் தூக்கவேயில்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஜெயித்துவிட்டோம். இனி அவள் ஒரு ஆமாம் சொன்னால் போதும், அதுவும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த ஆமாம்.

அவளைக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் சோர்ந்த குரலில், கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"இவரு சொன்னது சரிதானாம்மா? இவரு உங்ககிட்ட வேலை பாத்தவரா?"

"இல்லைங்க" என்றாள்.

எங்கள் வக்கீல் பாதி எழுந்துவிட்டார். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்றீங்க? சம்பளம் குடுத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதாம்மா. எழுதினது அந்த அண்ணன்." என்னைக் கைகாட்டினாள். அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. "எங்களுக்கு நல்லது பண்ணத்தான் எழுதினாரு. ஆனா இவரு யாருகிட்டயும் கூலிக்கு நிக்கலம்மா. வண்டி இவரோடது. நான் பேருக்குக் கையெழுத்துப் போட்டவ, அவ்வளவுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இத நான் எழுதிட்டேன்னா அப்புறம் மாத்த முடியாது. உங்களுக்கு எதுவும் கிடைக்காது, தெரியுமா?"

"தெரியும்மா."

அதிகாரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து எழுதினார். அவன் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தான், மூடினான்.

படி இறங்கும்போது நான் பின்னால் வந்தேன். அவனைத் தாங்கிப் பிடிக்க அவள் கையை நீட்டினாள். அவன் அதைத் தட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒற்றைக் காலால் குதித்துக் குதித்து இறங்கினான். கீழே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நட்டநடுச் சாலையென்றும் பாராமல் அவளிடம் கத்தினேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணின? கைக்கு எட்டினத ஏன் தட்டி விட்ட? அவனே மனச விட்டுச் சொல்லிட்டானே."

"அவர் சொன்னத கேட்டீங்கல்லண்ணே" என்றாள். "வாசல்ல நிக்கச் சொன்னா நிக்கணும்னாரே. காலுதான் போச்சு, மிச்சமாவது இருக்கட்டும்னு தோணுச்சு. அந்த நேரத்துக்கு அதுக்கு மேல யோசிக்க வரல."

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. முதலாளி தொழிலாளி உறவு நிரூபிக்கப்படவில்லை, முதல் எதிர்மனுதாரரே அதை மறுத்துவிட்டார், மனு தள்ளுபடி. மேல்முறையீடு போடலாம் என்றார் வக்கீல், அவர் குரலில் நம்பிக்கை இல்லை. வெற்றுப் படிவ விவகாரத்துக்காகக் கம்பெனி என்னிடம் விளக்கம் கேட்டு எழுதியது. எழுதிக் கொடுத்தேன். இப்போது யாருடைய கையெழுத்தையும் முன்கூட்டி வாங்கி வைப்பதில்லை. கட்டத்தை அடி என்றால் அடித்துவிடுகிறேன்.

உத்தரவின் நகலைக் கொடுக்க ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். லாரியை ஏற்கெனவே கடன்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்து பழைய டயர்களின் ரப்பரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான், கதவுக்கு அடியில் வைக்கும் முட்டுக்கட்டைக்கு. ஒரு கடைக்காரர் துண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறாராம். நகலை வாங்கிப் படிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்தான்.

"வீட்டுல பேசிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"சாப்பிடுறியான்னு கேப்பா. ம்ம்னு சொல்லுவேன்."

"உன் மரியாதைக்காகத்தானே அவ அப்படிச் சொன்னா. அதப் புரிஞ்சுக்க."

"புரியாமலாண்ணே?" கத்தியைக் கீழே வைத்தான். "அந்த வார்த்தைய தொண்டையிலேர்ந்து புடுங்கி வெளிய போட எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. அவ காலுக்காகத்தான் போட்டேன். அத எடுத்துத் திரும்ப என் வாயிலயே திணிச்சுட்டா. நீ ஓனராவே இருன்னுட்டா. இந்த ஓனர வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணுவேன்?"

அவன் மறுபடி ரப்பரை வெட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனையில் பிஸ்கட் கம்பெனி பஸ் வந்து நின்றது. அவள் இறங்கினாள், தலையில் முடி கொட்டாமல் இருக்கப் போடும் வெள்ளைத் துணித்தொப்பி. பின்னாலேயே மகள் இறங்கினாள், அவள் தலையிலும் அதே தொப்பி.